நாடாவா, பெட்டியா: யூ-மேட்டிக் இயந்திரம் முரண்டு பிடிக்கும்போது

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் என் வீட்டுக் கார் கொட்டகையில் மூன்று யூ-மேட்டிக் பெட்டிகள், அதாவது பழைய வீடியோ கேசட் இயந்திரங்கள், இருக்கின்றன. ஒன்று ஓடுகிறது. ஒன்று ஓடுவதாகப் பாசாங்கு செய்கிறது. மூன்றாவது, மற்ற இரண்டுக்கும் உறுப்பு தானம் செய்து செய்து வெறும் கூடாகிவிட்டது. கார் வெளியே வெயிலில் நிற்கிறது.

1971இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த முக்கால் அங்குல நாடா முதலில் வீடுகளுக்கென்று நினைத்துச் செய்யப்பட்டது. விலையைப் பார்த்த வீட்டுக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுகளும் கல்வி நிலையங்களும் அதைத் தத்தெடுத்தன. நம் தீவிலும் 1980களில் தைப்பூசக் காவடியை, தீமிதியை, வசதியுள்ள வீட்டுக் கல்யாணத்தை இந்த நாடாவில் பதிவு செய்தவர்கள் உண்டு. தடித்த புத்தகம் போன்ற அந்தக் கேசட்டுகள் இப்போது அலமாரி உச்சியிலிருந்தும் கோவில் சாமான் அறையிலிருந்தும் என்னிடம் வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: "இதில் எங்கள் தாத்தா இருக்கிறார்."

அதனால்தான் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் நான் முதலில் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்வேன். குற்றம் நாடாவிலா, பெட்டியிலா? இதற்குப் பதில் தெரியாமல் திருப்புளியைக் கையில் எடுத்தவர்கள் பெட்டியையும் கெடுத்து நாடாவையும் கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவன் நான்.

பதில் காண இரண்டு சோதனை நாடாக்கள் போதும். ஒன்று, யாருக்கும் வேண்டாத பழைய பயிற்சிப் படம். பெட்டி அதைக் கடித்துத் துப்பினாலும் நஷ்டமில்லை, ஆகவே அதுதான் எப்போதும் முதலில் உள்ளே போகும். மற்றது, நல்ல பெட்டியில் பதிவான வண்ணப் பட்டைகளும் ஒரே சுருதியில் நிற்கும் ஒலியும் கொண்ட நாடா. முதலாவது பத்திரமாக ஓடி முடிந்த பிறகே இரண்டாவதைப் போடுவேன். இரண்டும் ஒழுங்காக ஓடி, தாத்தா மட்டும் ஆடினால் குற்றம் நாடாவில். சோதனை நாடாக்களே ஆடினால் பெட்டியில். தாத்தாவை வைத்துப் பெட்டியைச் சோதிக்கவே கூடாது.

இன்னொன்று. கேசட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சிவப்புப் பிளாஸ்டிக் பொத்தான் ஒன்று இருந்தால் கழற்றி எடுத்து உறையிலேயே போட்டு வையுங்கள். அது இருக்கும்வரை பெட்டி அந்த நாடாவில் புதிதாகப் பதிவு செய்யும். முப்பது கிலோ இரும்பைத் தூக்கி வைத்த களைப்பில் கை தவறான விசையில் விழ எவ்வளவு நேரம் ஆகும்?

சுவிட்சைப் போட்டதும் புகை, அல்லது ஒன்றுமே இல்லை

இருபது வருடம் தூங்கிய பெட்டியை நேராக மின்சாரத்தில் செருகியிருந்தால், முதலில் போவது பெரும்பாலும் மின்கம்பி உள்ளே நுழையும் இடத்திலுள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர். தாள் அடுக்கை ஒளிபுகும் பிசினில் முக்கிச் செய்த பழைய வகை அது. பிசின் மேல் மயிரிழை விரிசல்கள் விழும். அவற்றின் வழியே ஈரம் உள்ளே போயிருக்கும். பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டுப் பட்டென்று வெடித்து, வீடு முழுக்க நாறும் புகையைக் கக்கும். பயப்படத் தேவையில்லை, படம் கெடாது. ஆனால் மூடியைத் திறந்து இதை மாற்றிவிட்டுத்தான் முதன்முறை சுவிட்சைப் போட வேண்டும். மாற்றாக வைப்பது மின்வழிப் பாதுகாப்புக்கென்று முத்திரை பெற்ற வகையாக இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியானால் பின்புறத்தில் மின்னழுத்தத் தெரிவு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 110இல் நிற்கும் பெட்டி நமக்கு ஒரே ஒரு முறைதான் வணக்கம் சொல்லும்.

பெரிய மின்மாற்றி உள்ள பழைய பெட்டிகளுக்கு, மின்வழியில் 100 வாட் இழை விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்து எழுப்புவது என் வழக்கம். விளக்கு ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ குறுக்குச் சுற்று. பிற்காலத்து ஸ்விட்ச்-மோடு மின்வழங்கிகளை இப்படி எழுப்பக் கூடாது, அவை குறைந்த மின்னழுத்தத்தில் திணறித் தங்களையே கெடுத்துக்கொள்ளும்.

கேசட் உள்ளே போகிறது, அசையாமல் நிற்கிறது, அல்லது வெளியே தள்ளப்படுகிறது

முகப்பில் ஈரம் என்ற எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? குயூர்பிப்பிலிருந்தும் வாக்குவாவிலிருந்தும் ஜூலை மாதத்தில் வருகிறவர்களுக்கு இது பழக்கமான கதை. மேட்டு நிலத்துக் குளிரில் இரவெல்லாம் காரில் கிடந்த பெட்டியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும், குளிர்ந்த கண்ணாடிக் கோப்பை வியர்ப்பது போல டிரம், அதாவது நாடா சுற்றிப் போகும் உலோக உருளை, வியர்க்கும். ஈரமான டிரம்மில் நாடா ஒட்டிக்கொண்டால் அதைச் சேதமில்லாமல் பிரிப்பது கடினம். அதைத் தடுக்கவே உள்ளே ஒரு உணரி இருக்கிறது. பெட்டியைத் திறந்து வைத்து, நாடாவையும் அதே அறையில் வைத்து, அரை நாள் விட்டுவிடுங்கள். உணரியைக் குறுக்கே கம்பி போட்டு ஏமாற்றும் வித்தையை ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய நாடாவைத்தான் பிறகு நான் துண்டு துண்டாக எடுத்தேன்.

விளக்கு எரியவில்லை, உள்ளே மோட்டார் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் பெல்ட். யூ-மேட்டிக் தன் நாடாவைக் கேசட்டிலிருந்து இழுத்து, ஒரு பெரிய வளையத்தைச் சுழற்றி, டிரம்மைச் சுற்றி யூ எழுத்து வடிவில் போர்த்துகிறது. பெயரும் அங்கிருந்து வந்ததுதான். அந்த வளையத்தைத் திருப்ப ரப்பர் பெல்ட் வேண்டும். நம் வெப்பத்தில் சில பெல்ட்டுகள் இறுகி வெடிக்கின்றன, சில உருகித் தார் ஆகின்றன. தார் ஆனதைத் தொட்டால் கையில், சட்டையில், கதவுப் பிடியில், கடைசியில் மனைவியின் பார்வையில் எல்லாம் கறை. கையுறை போட்டுக்கொண்டு, கப்பியில் ஒட்டியதை மரக்குச்சியால் சுரண்டி, மிச்சத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கப்பியின் பள்ளத்தில் துளி தார் மிஞ்சினாலும் புது பெல்ட் வழுக்கும்.

அசல் பெல்ட் கிடைக்காதபோது, கப்பிகளைச் சுற்றி நூலைப் போட்டு நீளம் அளந்து, அதைவிட ஐந்து முதல் எட்டு விழுக்காடு சிறியதாக வாங்குகிறேன். அதற்கும் சிறியதைப் போட்டால் மோட்டாரின் தாங்கி தேயும்.

நாடா கீச்சிடுகிறது

உடனே நிறுத்துங்கள். அடுத்த வாக்கியத்தைப் பிறகு படிக்கலாம்.

பல்லிடுக்கில் காற்று போவது போன்ற மெல்லிய கீச்சொலியில் தொடங்கும். பிறகு படம் அதிரும், மோட்டார் முனகும், கடைசியில் பெட்டி தானே நின்றுவிடும். நாடாவின் காந்தத் துகள்களைப் பிளாஸ்டிக் பட்டையோடு சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துச் சிதைந்து, பிசுபிசுப்பாக வெளியே வருவதுதான் காரணம். 1970களிலும் 80களிலும் வந்த சில ரக நாடாக்களுக்கு இது பிறவிக் குணம். நம் கடற்கரைக் காற்று அதற்குத் தூபம் போடுகிறது. டிரம்மையும் வழிகாட்டித் தூண்களையும் பாருங்கள், கபில நிறத்தில் கசடு அப்பியிருக்கும். அந்தக் கசடில்தான் தாத்தாவின் முகம் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கொஞ்சம் உரிந்து வரும்.

இதற்கு மருந்து வெப்பம். 50 முதல் 54 டிகிரி செல்சியஸில், மெல்லிய காற்றோட்டத்தில், எட்டு மணி நேரத்துக்கு மேல் நாடாவை வைக்க வேண்டும். பழம் உலர்த்தும் மின்பெட்டியை நான் பயன்படுத்துகிறேன். அதன் முகப்பில் எழுதியிருக்கும் வெப்பநிலையை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வைக்கிறேன், ஏனென்றால் என்னுடையது 50 என்று சொல்லிக்கொண்டு 61இல் நின்றது. சமையலறை அடுப்பு கூடாது, அதன் வெப்பம் மேலும் கீழும் தாவும். மைக்ரோவேவ் பற்றிப் பேசவே வேண்டாம். நடுவில் ஒரு முறை கேசட்டைத் திருப்பி வையுங்கள். எடுத்த பிறகு, சூடேற்றிய அளவு நேரம் ஆறவிட்டு, ஓட்டுங்கள். இரண்டு வாரத்துக்குள் நகலெடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பசை மறுபடி ஈரம் குடிக்கத் தொடங்கிவிடும்.

ஆனால் கேசட்டின் சிறு சாளரம் வழியே பார்க்கும்போது சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடியோ நூல் போன்ற படர்ச்சியோ தெரிந்தால், அது பூஞ்சை. அதை ஓட்டவும் கூடாது, சூடேற்றவும் கூடாது. முகக்கவசம் போட்டு, வெளியே திண்ணையில், காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, முதலில் நன்றாக உலரவைத்து, மென்தூரிகையால் வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சியின் வாயை நோக்கித் தட்டி எடுக்க வேண்டும். ஒரு பூஞ்சை நாடா ஓடினால் அடுத்து ஓடும் பத்து நாடாக்களுக்கும் அது பந்தி பரிமாறும்.

1994 பிப்ரவரியில் ஹொலாண்டா புயல் கூரையைப் பிரித்த வீடுகளிலிருந்து வந்த நாடாக்கள் என்னிடம் இரண்டு உண்டு. அன்றே யாராவது சேற்றைச் சுத்தமான நீரில் அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, நிழலில் மெல்ல உலர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவசரமாக வெயிலில் காயவைத்துவிட்டார்கள். சேறு சுருளுக்குள் சிமெண்டு போல இறுகிவிட்டது. ஒன்றில் பாதி வந்தது. மற்றது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

ஒலி தெளிவு, படத்தில் புள்ளி மழை

இந்த அறிகுறியைக் கண்டால் எனக்கு நிம்மதி. நாதஸ்வரம் சுருதி பிசகாமல் கேட்கிறது, திரையில் மட்டும் அரிசி கொட்டுகிறது. ஒலியைப் படிப்பவை அசையாத ஹெட்கள். படத்தைப் படிப்பவை, 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம்மில் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் இரண்டு சிறு ஹெட்கள். ஒலி ஒழுங்காக இருக்கிறது என்றால் நாடா சரியான வேகத்தில் போகிறது, அதாவது நொடிக்கு 9.53 சென்டிமீட்டர். மின்சாரம், மோட்டார், பெல்ட் எல்லாம் நலம். சுழலும் ஹெட்களின் வாயில்தான் அழுக்கு.

இரண்டில் ஒன்று அடைத்திருக்கிறதா, இரண்டுமா என்பதைத் திரையே சொல்லும். ஒவ்வொரு ஹெட்டும் ஒரு புலத்தை, அதாவது பாதிப் படத்தை எழுதுகிறது. ஒன்று அடைத்தால் ஒரு புலம் படம், அடுத்த புலம் புள்ளி என்று மாறி மாறி வந்து, படம் மழைக்குப் பின்னால் நின்று துடிப்பது போலத் தெரியும். இரண்டும் அடைத்தால் மழை மட்டும்தான்.

சுத்தம் செய்யும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. பஞ்சுக் குச்சியைத் தொடாதீர்கள், அதன் இழை ஹெட்டின் முனையில் மாட்டி முனையையே பெயர்த்துவிடும். மான்தோல் ஒட்டிய தட்டைக் குச்சியை 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் பதித்துப் பிடியுங்கள். மறு கையால் டிரம்மின் மேற்பகுதியை மெதுவாகச் சுழற்றுங்கள். அசைவது டிரம், குச்சி அல்ல. மேலும் கீழும் ஒரு முறை தேய்த்தாலும் ஹெட் போய்விடும், அதற்குப் பிறகு உறுப்பு தானப் பெட்டியைத்தான் தேட வேண்டும்.

மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தருவார்கள். அதில் விளக்கெண்ணெய் சேர்த்திருக்கும், வேண்டாம். நம் ஊர் வெள்ளை ரம் போதாதா என்று கேட்ட நண்பருக்கு நான் சொன்னது: அதில் பாதிக்கு மேல் தண்ணீர், அதை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்வோம். ரப்பர் உருளைக்கு மட்டும் ஆல்கஹாலே ஆகாது, அது ரப்பரை வறட்டிவிடும். அதற்கு வெதுவெதுப்பான நீரும் ஒரு துளி மென்சோப்பும் போதும்.

சுத்தம் செய்த பிறகும் படத்தின் மேலோரத்தில் அல்லது கீழோரத்தில் மட்டும் புள்ளிப் பட்டை ஒன்று இடம் மாறாமல் நின்றால், நாடா டிரம்முக்குள் நுழையும் அல்லது வெளியேறும் இடத்தில் உயரம் தவறியிருக்கிறது. இங்கேதான் எல்லோரும் திருப்புளியை எடுப்பார்கள். முதலில் டிரம்மின் கீழ்விளிம்பில் நாடா சாய்ந்து போகும் அந்த மெல்லிய படியைப் பாருங்கள். அங்கே ஒட்டிய ஒரு துணுக்குக் கசடு நாடாவை மயிரிழை தூக்கினாலே இந்தப் பட்டை வரும். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு முறை அதுதான். மிச்ச இரண்டில் தாத்தாவைப் பதிவு செய்த பெட்டியே கோணலாக இருந்திருக்கும். வழிகாட்டித் தூணின் திருகைத் தொட்டே தீர வேண்டுமென்றால், முதலில் நகப்பூச்சால் அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஹெட்டிலிருந்து வரும் அலையை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தபடி, நம்பகமான சீரமைப்பு நாடாவை வைத்து மட்டுமே திருப்புங்கள். ஒரு கோணல் நாடாவுக்காகப் பெட்டியைக் கோணலாக்கினால், அது அன்றிலிருந்து அந்த ஒரு நாடாவுக்கு மட்டுமே நண்பன்.

பட்டை இடத்தில் நிற்காமல் மெல்ல ஏறி இறங்கினால் விஷயம் வேறு. ஹெட்களை நாடாவின் தடத்தோடு ஒத்துப்போகவைக்கும் டிராக்கிங் குமிழைத் திருப்பிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் படம் நழுவுவதைப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

இரண்டு அங்குலக் குவாட்ரூப்ளெக்ஸ் பெட்டி வைத்திருக்கும் பாக்கியசாலி யாராவது இதைப் படித்தால்: 1956இல் ஆம்பெக்ஸ் காட்டிய அந்த முறையில் ஹெட்கள் நான்கு, 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் டிரம் நொடிக்கு 250 முறை சுழலும். ஒரு ஹெட் ஒரு முறை கடக்கும்போது பதினைந்து பதினாறு வரிகள்தான் எழுதும். ஆகவே அங்கே ஒரு ஹெட் அடைத்தால் படம் துடிக்காது. ஜன்னல் பலகைத் திரை போலக் குறுக்குப் பட்டைகள் விழும், நான்குக்கு ஒன்று கெட்டிருக்கும். நோய் ஒன்றுதான், முகம் வேறு.

படத்தின் தலை சாய்கிறது

கோபுரம் நேராக நிற்கிறது, கலசம் மட்டும் காற்றடித்தது போல ஒருபுறம் வளைகிறது. இது நாடாவின் இழுவிசைக் கோளாறு. பதிவு செய்த நாளில் இருந்த இழுவிசையும் இன்று ஓட்டும் இழுவிசையும் ஒத்துப்போகாவிட்டால், அல்லது வருடக்கணக்கில் வெப்பத்தில் கிடந்து நாடா நீண்டோ சுருங்கியோ இருந்தால், ஒரு ஹெட்டிலிருந்து அடுத்த ஹெட்டுக்கு மாறும் இடத்தில் வரிகள் நேரம் தவறி வரும். அந்தத் தவறு திரையின் உச்சியில் வளைவாகத் தெரிகிறது.

பெட்டியின் முகப்பில் ஸ்கியூ என்று ஒரு குமிழ் இதற்காகவே இருக்கிறது. மெல்லத் திருப்புங்கள், பெரும்பாலும் கலசம் நிமிரும். நிமிராவிட்டால், நாடா தரும் பக்கத்துச் சுருள் தட்டைத் தழுவியிருக்கும் பட்டையின் கம்பளிப் பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி இந்தச் சாய்வைப் பொறுத்துக்கொள்ளும். கணினியில் பதிவு செய்யும் கருவி பொறுக்காது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் படத்தைக் கணினி ஏற்க மறுத்து நீலத் திரை காட்டினாலும், உதடு ஒரு பக்கம் ஒலி ஒரு பக்கமாக ஓடினாலும், பெட்டியைத் திறக்காதீர்கள். நாடாவிலிருந்து வரும் வரிகள் எப்போதும் கொஞ்சம் முன்னே பின்னே வரும். அவற்றைத் தன் நினைவில் வாங்கி, நிலையான கடிகாரத்துக்கு ஏற்ப வரிசையாக வெளியே விடும் காலத் திருத்தி ஒன்று நடுவில் வேண்டும். இந்த ஒரு கருவிக்காக நான் செலவழித்ததை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

நிறம் இல்லை, அல்லது நிறம் பைத்தியம்

மொரிஷியஸில் இதை எழுதுவதற்குத் தனிக் காரணம் உண்டு. நம் பழைய அனலாக் ஒளிபரப்பு, பிரான்ஸ் 1967இல் தொடங்கிய சேகாம் (SECAM) என்ற நிற முறையில் இருந்தது. பக்கத்து ரீயூனியனிலும் அதுவே. ஆனால் டர்பன் சித்தப்பா அனுப்பிய கல்யாண நாடாவும் சென்னையிலிருந்து வந்த கச்சேரி நாடாவும் பால் (PAL) என்ற வேறொரு நிற முறை. இரண்டுக்குமே 625 வரி, நொடிக்கு 50 புலம். ஆகவே தவறான பெட்டியில் போட்டாலும் படம் அழகாக நிற்கும், நிறம் மட்டும் வராது. பெட்டி கெட்டுவிட்டது என்று நாம் நம்புவோம்.

நான் நம்பினேன். கோவிலிலிருந்து வந்த ஒரு காவடி நாடா கறுப்பு-வெள்ளையாகவே ஓடியது. இரண்டு நாள் நிறப் பலகையைக் கழற்றி, ஒவ்வொரு கெப்பாசிட்டராக அளந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் தங்கை மகன் வந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, பின்னால் சேகாம் என்று ஒரு சுவிட்சு இருக்கிறதே, அது எதற்கு?" என்றான். அழுத்தினோம். மஞ்சள் ஆடைகளும் மயிலிறகும் எலுமிச்சையும் ஒரே நொடியில் வந்து நின்றன. அவனுக்குக் குளிர்பானம் வாங்கிக் கொடுத்து, இதை யாரிடமும் சொல்லாதே என்றேன். இப்போது நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சேகாமில் இரண்டு நிறச் செய்திகளும் ஒன்றுவிட்டு ஒரு வரியாக, அதிர்வெண் மாற்றத்தில் ஏறி வருகின்றன. பாலில் இரண்டும் ஒரே வரியில் வருகின்றன. ஆகவே பால் பெட்டிக்கு சேகாம் புரியாது. சேகாம் தெரிந்த பெட்டி கிடைத்தாலும், அதன் பின்னால் இருக்கும் காலத் திருத்திக்கும் கணினிக் கருவிக்கும் சேகாம் தெரிய வேண்டும். மூன்று பேரில் ஒருவர் மொழி தெரியாதவரானால் நிறம் அங்கேயே நின்றுவிடும். எது வந்துகொண்டிருக்கிறது என்று அறிய எளிய வழி: பெட்டியிலிருந்து வரும் சிக்னலை நல்ல கறுப்பு-வெள்ளை மானிட்டரில் கொடுங்கள். சேகாமில் நிறமில்லாத சாம்பல் சுவர் மீதும் நிறத்தைச் சுமக்கும் துணை அலை ஓடிக்கொண்டே இருக்கும், ஆகவே சுவரில் மெல்லிய புள்ளிச் சல்லடை தெரியும். பாலில் சாம்பல் சுவர் சுத்தமாக இருக்கும்.

இன்னொரு பொறி. சேகாம் படங்களை ஒன்றோடொன்று கலப்பதும் மங்கச் செய்வதும் கடினம் என்பதால், சேகாம் நாடுகளிலேயே பல நிலையங்கள் உள்ளே பாலில் வேலை செய்து, வெளியே அனுப்பும்போது மட்டும் சேகாமாக மாற்றின. எனவே உள்ளூர் நாடா என்பதாலேயே சேகாம் என்று முடிவு கட்டாதீர்கள். உறையில் எழுதியிருப்பதையும் நம்பாதீர்கள், உறைகள் மாறும்.

முறை சரியாக இருந்தும் நிறம் வராவிட்டால், யூ-மேட்டிக்கில் குடும்பப் பிரிவினை ஒன்று உண்டு. பழைய பதிவில் பால் நிறம் ஏறக்குறைய 686 கிலோஹெர்ட்ஸில் தாழ்த்திப் பதிவாகும். பிறகு வந்த ஹை-பேண்டில் 924 கிலோஹெர்ட்ஸ். ஒரே கேசட், ஒரே அளவு, ஒருவர் பதிவு மற்றவருக்கு நிறத்தோடு புரியாது. இரண்டையும் ஓட்டும் பெட்டிகளில் அதற்கும் ஒரு சுவிட்சு இருக்கும். சுவிட்சுகளைப் பற்றி நான் அறிவுரை சொல்லும் நிலையில் இல்லை.

படம் கொஞ்ச நேரம் நிற்கிறது, பிறகு நழுவுகிறது

காதைத் தீட்டுங்கள். படம் நழுவும்போது பாட்டும் அலை போல ஏறி இறங்கினால், நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டும் அதன்மேல் அழுத்தும் ரப்பர் உருளையும் பிடி இழந்திருக்கின்றன. உருளை கண்ணாடி போலப் பளபளத்தால் இறுகிவிட்டது, மாற்ற வேண்டும். மணல்தாளால் உரசிப் பளபளப்பை எடுப்பவர்கள் உண்டு. உருளை ஒருபுறம் தேய்ந்து, நாடா மேலோ கீழோ ஏறி, ஓரம் மடங்கும். அந்த மடிப்பு நிரந்தரம்.

பாட்டு நேராக இருக்க, படம் மட்டும் நழுவினால் கட்டுப்பாட்டுத் தடத்தைச் சந்தேகியுங்கள். நாடாவின் ஓரத்தில் பதிவான துடிப்புகள்தான் ஹெட்கள் எந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்கின்றன. அதைப் படிக்கும் ஹெட்டைத் துடையுங்கள், பாதி நேரம் தீர்ந்துவிடும். ஓரம் மடங்கிய இடத்தில் மட்டும் நழுவினால் அது நாடாவின் காயம். நகலெடுத்துவிட்டுக் கடந்து போங்கள்.

ஒலியில் ரீங்காரம்

வண்டு போன்ற தாழ்ந்த இரைச்சல் கணினியை இணைத்தபோது மட்டும் வந்தால், இரண்டு கருவிகளும் வேறு வேறு சுவர்ப் பொருத்திகளில் மின்நிலம் (எர்த்) தேடுகின்றன. இரண்டையும் பல பொருத்திகள் உள்ள ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுங்கள். இணைக்காமலும் வந்தால் மின்வழங்கியின் கெப்பாசிட்டர்கள். 1980களின் பிற்பகுதிப் பெட்டிகளில் மின்சுற்றுப் பலகைமேல் நேராக ஒட்டிய சிறு தகர டப்பி வகை இருக்கும். அவை கசிந்து, அடியிலுள்ள செம்பைப் பச்சையாக்கும். பற்றவைக்கும் கோலை வைத்ததும் கருவாட்டு வாசனை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

நகலெடுக்கும்போது இரண்டு ஒலித் தடங்களையும் தனித்தனியாக எடுங்கள், ஒன்றாகக் கலக்காதீர்கள். ஒரு தீமிதி நாடாவில் ஒரு தடத்தில் பிரெஞ்சு வர்ணனை மட்டும் இருந்தது. மற்ற தடத்தில் தமிழ்ப் பாட்டி ஒருவர் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்று, யார் யார் பிள்ளை தீயில் இறங்குகிறது என்று பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். அந்த ஊர்க்காரர்கள் படத்தைவிட அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

நடுவில் மின்சாரம் நின்றுவிட்டது

நாடா டிரம்மைச் சுற்றிப் போர்த்தியபடியே இருக்கும். கேசட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். மின்சாரம் வந்ததும் பெரும்பாலான பெட்டிகள் தாமாகவே சுருட்டிக்கொள்ளும். வராது என்று தெரிந்தால், செருகியைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து, வளையத்தைத் திருப்பும் மோட்டாரின் கப்பியைக் கையால் மெல்லப் பின்னோக்கிச் சுற்றுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தி, தொங்கும் நாடாவைக் கேசட்டின் சுருளை விரலால் திருப்பி உள்ளே வாங்குங்கள். கால் மணி நேரம் ஆகும். விளக்கைப் பிடிக்க ஆள் வேண்டும்.

புயல் காலத்தில் நான் இரண்டாம் எச்சரிக்கை ஏறியதுமே பெட்டியிலிருந்து நாடாவை எடுத்துவிடுகிறேன். மூன்றாவது ஏறும்போது எல்லாக் கேசட்டுகளும் நிமிர்ந்த நிலையில், பிளாஸ்டிக் பெட்டிகளில், மாடி அறையின் உள்சுவர்ப் பக்கம் இருக்கும். அப்போதுதான் கார் கொட்டகைக்குள் வரும், அதுவும் யூ-மேட்டிக்குகளை ஓரமாகத் தள்ளி இடம் செய்த பிறகு.